மாரிப் பறவைகளும் எண்ணப்படாத வருடங்களும்

குமண எண்டால் எல்லாருக்கும் பறவைதான் ஞாபகம் வரும். ஆனால் எங்கட ஊர்ப் பக்கத்து ஆக்களில் கனபேர் அதைப் பார்த்தது ஆடி மாதத்தில். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயிலைக் கும்பிட்டு, உகந்தையால் கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்களின் காட்டுப் பாதை குமணக்குள்ளால்தான் போகுது. வில்லுக் குளத்தில் நாரையும் கொக்கும் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கிற காலமும் ஏறத்தாழ அதுதான். 1938இல் அந்த இடம் சரணாலயமானது.

மாரி வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இறங்கும்போது சைபீரியாப் பக்கமிருந்து விருந்தாளிகள் வருவார்கள்: நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, பலவகை உள்ளான்கள். ஊரில் கேட்டால் வாத்தெல்லாம் 'தாரா'தான். இவை ஒரே மரத்தில் கூடி நிற்காது. கோமாரி, தாண்டியடிக் களப்புகள், சேறடித்த வயல்கள் எண்டு பரந்துவிடும். நாங்கள் விதைப்பில் நிற்கிற நேரம் அது. யார் குந்தியிருந்து பார்க்கிறது?

பார்த்தவர்கள் வெளியாட்கள். 1868இல் இலங்கைக்கு வந்த பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக், 1878 - 1880இல் இலங்கைப் பறவைகள் பற்றிய பெரும் நூலை வெளியிட்டார். அந்தக் காலத்துக்கு அவதானிப்பு எண்டால் பாதி துவக்குத்தான். சுட்டு விழுத்தி, தோலைப் பதப்படுத்தி, அளவெடுப்பது. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தொடங்கியது. 1955இல் ஜீ. எம். ஹென்றியின் கையேடு வந்தது. பிறகுதான் பைனாகுலரும் குறிப்புப் புத்தகமும் துவக்கின் இடத்தைப் பிடித்தன. எழுதினதெல்லாம் ஆங்கிலத்தில்.

அடுத்ததுதான் எங்களை உறுத்துகிற விசயம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் ஆரம்பமானது. ஒவ்வொரு ஜனவரியிலும், பறவைகள் மாரி இடங்களில் நிலைத்து நிற்கிற நேரத்தில், பல நாடுகளில் ஒரே சமயத்தில் எண்ணுவார்கள். ஒரு வருடத் தொகை பெரிசா எதையும் சொல்லாது. பதினைந்து, இருபது வருடம் அடுக்கிப் பார்த்தால்தான் கூடுதா குறையுதா எண்டு பிடிபடும். குமண உள்ள யால கிழக்குப் பூங்கா யுத்தத்தால் 1985இலேயே மூடப்பட்டது, திறந்தது 2003இல். எண்ணத் தொடங்கின காலம் முழுக்கக் கதவு பூட்டு. காடு மட்டுமில்லை, எங்கட பெற்றோரின் இளவயதில் பைனாகுலரோடு களப்புக் கரையில் நிண்டால் என்ன நடந்திருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கள். அதைப் பறவை பார்க்கிறதாக யார் நம்பியிருப்பார்கள்? திறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, 2004 டிசம்பர் 26, சரியாக மாரிப் பருவத்தின் நடுவில், சுனாமி.

2010இல் குமண ராம்சர் ஈரநிலமானது. இப்ப வருகிற தொகையை எதோடு ஒப்பிடுவது?

வயலுக்குப் போகிற பெரியாக்களைக் கேட்டால், எந்த மழைக்குப் பிறகு தாரா இறங்கும், எப்ப கிளம்பும் எண்டு சரியாகச் சொல்லுவார்கள். முந்தி வானம் கறுக்கும் எண்டும் சொல்லுவார்கள். எந்த வருடம் எண்டு கேட்டால் மட்டும் பதில் வேறு மாதிரி: "இடம்பெயர்றதுக்கு முதல்", "சுனாமிக்குப் பிறகு".