இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையும் தமிழின் ஈறுகளும்

களப்பணி ஒலிப்பதிவுகளை எழுத்துப்பெயர்த்துக்கொண்டிருந்தபோது என் இடக்கைச் சுண்டுவிரல் வலிக்கத் தொடங்கியது. காரணத்தைத் தேடியபோது அது 1986-இல் போய் நின்றது.

அவ்வாண்டில்தான் மத்திய அரசின் மின்னணுவியல் துறை இந்திய மொழிகளுக்கான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையைத் தரப்படுத்தியது. பின்னர் ஐ.எஸ். 13194:1991 என்னும் இஸ்கி குறியீட்டுத் தரத்திலும் அது இடம்பெற்றது. அதன் அடிப்படைச் சிந்தனை அழகானது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துமுறைகள் யாவும் ஒரே ஒலியியல் வரிசையைப் பகிர்வதால், உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் என்று பிரித்தால் எல்லா மொழிக்கும் ஒரே பலகை போதும். மெய்யும் உயிரும் மாறிமாறி வருவதால் கைகளும் மாறிமாறி இயங்கும். தெலுங்கில் பழகியவர் கன்னடத்தைத் தனியே பயில வேண்டியதில்லை. அச்சுப்பொறிக் காலத்து ரெமிங்டன் அமைப்புகளோடு ஒப்பிட்டால் இது பெரும் பாய்ச்சலே, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பொது வரிசை வர்க்க எழுத்துகளை மையமாகக் கொண்டது. ஒலிப்புடைய வல்லினங்களான ग, ड, द, ब ஆகியவற்றுக்கு ஷிஃப்ட் இல்லாத நான்கு விசைகள் ஒதுக்கப்பட்டன. தமிழில் அந்நான்கும் வெறுமையாகக் கிடக்கின்றன. இந்தியில் அரிதாகவோ வேற்றுமொழிச் சொற்களுக்கு மட்டுமோ வேண்டப்படும் ற, ன, ள, ழ ஆகியவை ஷிஃப்டுக்கு மேலே ஏற்றப்பட்டன, ண-வும் அங்கேதான்.

மொழியியல் மாணவருக்கு இது வெறும் வசதிக்குறைவு அன்று. -ஆன், -ஏன் என்னும் விகுதிகள், நிகழ்கால இடைநிலையான -கிறு-, பன்மை விகுதியான -கள் ஆகிய தமிழின் விகுதி உருபனியலே ஷிஃப்டின் மேல் அமர்ந்திருக்கிறது. சொல் முதல் உயிர்களும் அங்கேயே. 'அவன்' என்று எழுத நான்கு விசைகளில் இரண்டுக்கு ஷிஃப்ட் வேண்டும்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு இதை வேறுவிதமாக அணுகியது. அதிலும் உயிர்கள் இடப்பக்கமே. ஆயினும் உயிரும் உயிர்க்குறியும் ஒரே விசையில் உள்ளன. மெய்யின் பின் அழுத்தினால் அதுவே குறியாகிவிடும். ஷிஃப்டுக்குச் சென்றவை கிரந்த எழுத்துகள். விசையின் பணியையே மொழியின் ஒலியமைப்புக்கேற்ப மாற்றியது, என் பார்வையில், அதன் தலையாய சாதனை: க-வை இருமுறை அழுத்தினால் முதலாவது தானே புள்ளி பெறும். ஆகவே 'அக்கா'வுக்கு நான்கே விசைகள். இன்ஸ்கிரிப்டில் ஐந்தும் ஒரு ஷிஃப்டும். தமிழில் இரட்டித்தலும் இனமெல்லினமும் எவ்வளவு மிகுதி என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை அது.

நான் தமிழ்99-க்கு மாறவில்லை. தெலுங்குத் தரவுகளையும் அன்றாடம் உள்ளிட வேண்டியிருப்பதால் கைப்பழக்கம் தடுக்கிறது. அதனால் என் கணினியில் அந்த நான்கு வெற்று விசைகளில் ன, ற, ள, ண ஆகியவற்றை இட்டுக்கொண்டேன். சுண்டுவிரல் தேறிவிட்டது. துறையின் பொதுக்கணினியில் அமர்ந்தால்தான் 'அவன்' இன்றும் 'அவ' என்றே நின்றுவிடுகிறான்.