மணவாளக்குறிச்சிப் பொறி

ஒரகடத்திலும் திருமுடிவாக்கத்திலும் கியாஸ் கட்டிங் வேலை நடக்கும் பட்டறைகளில், டார்ச்சைப் பற்றவைக்க ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். வளைந்த கம்பி, அதன் முனையில் சிறு கிண்ணம். அழுத்தினால் உள்ளே கரகரவென்று உரசிப் பொறி தெறிக்கும். சிகரெட் லைட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெல்டிங் பக்கம் போகக் கூடாது என்பது பாதுகாப்புப் பயிற்சியின் தொடக்கப் பாடம். அதனால்தான் சுடர் இல்லாமல் பொறியை மட்டும் தரும் இந்தக் கருவி. கிண்ணத்துக்குள் இருப்பது அரிசியைவிடச் சற்றே பெரிய ஒரு சாம்பல் நிறத் துண்டு. சிகரெட் லைட்டரின் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் லைட்டர் கல்லும் அதே பொருள்தான். மலையேறுகிறவர்கள் முதுகுப்பையில் தொங்கவிடும் ஃபெர்ரோ ராட் என்ற கோல் அதையே விரல் நீளத்துக்கு வார்த்தது.

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் போகும் வழியில் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் மழைக்காலத்துக்கென்று ஒரு பை தயாராக இருக்க வேண்டும், அதில் இந்தக் கோல் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்ல அது பிறந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் தேய்ந்து, ஆறுகள் அடித்துவந்த மணலைக் கடல் அலை சலித்துச் சலித்துக் கனமான மணிகளைக் கரையில் ஒதுக்கியது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கரையே கருப்பும் சிவப்புமாகக் கிடப்பது அதனால்தான். கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். அவற்றோடு தேன் நிறத்தில் கொஞ்சம் மோனசைட். அந்த மோனசைட்டுக்குள் தோரியமும் சீரியமும் லாந்தனமும் கலந்திருக்கின்றன.

அதைத் தேடி உலகம் வந்ததற்குக் காரணம் விளக்கு. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், வாயு விளக்கின் சுடரைப் பளிச்சென்று ஆக்கும் மேன்டிலைச் செய்தவர். 1891-ல் அவர் கண்ட கலவையில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேன்டில் அந்த வழி வந்ததே. தோரியத்துக்காக அன்று பிரேசில் நாட்டு மோனசைட் மணலைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். தோரியத்தை எடுத்த பிறகு சீரியமும் அதன் கூட்டாளிகளும் கேட்பாரற்றுக் குவிந்தன. அந்தக் கழிவை என்ன செய்வது என்று அவுவர் விடாமல் யோசித்தார். சீரியம் சேர்ந்த உலோகத்தோடு சுமார் 30 சதவீதம் இரும்பைக் கலந்தபோது, உரசினால் பொறி கொட்டும் கலவை ஒன்று கிடைத்தது. 1903-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரியாவின் டிரைபாக் என்ற ஊரில் ஆலை எழுந்தது. சட்டைப்பை லைட்டரை உலகம் முழுவதும் பரப்பியது அந்தக் கழிவுக் குவியல்.

அப்போது திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சி இந்தக் கதைக்குள் வந்தது 1909-ல். ஐரோப்பாவுக்குப் போன திருவிதாங்கூர்த் தென்னை நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். மோனசைட். அதுவும் பிரேசில் மணலைவிடத் தோரியம் அதிகமுள்ள மோனசைட். கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து மணல் பிரிக்கும் ஆலை வைத்தார். முதல் உலகப் போர் மூண்டதும் தொழில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்கு மாறியது. பல்லாண்டு காலம் நம் கரை மணல் மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் செய்த சரக்கு விலையோடு திரும்பி வந்தது.

சுதந்திரத்துக்குப் பின் தோரியம் அணுசக்தி சார்ந்த பொருளாகிவிட்டதால் மணலை அப்படியே அனுப்பும் வழக்கம் நின்றது. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1952-ல் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. 1956 நவம்பர் 1-ல் மணவாளக்குறிச்சி குமரி மாவட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்நிறுவனத்தின் மணல் ஆலை இன்றும் அங்கே இயங்குகிறது. மோனசைட் மணலுக்கு இயற்கையான கதிரியக்கம் உண்டு. மணல் அள்ளுவதை விரிவாக்கும் திட்டங்களைக் குமரிக் கடலோர மக்கள் உடல்நலம், கரை அரிப்பு இரண்டையும் சொல்லி எதிர்த்து வருகிறார்கள். அவர்களுடைய அச்சத்துக்கு முழுமையான பதில் வேண்டும். பொறியின் பெருமையைப் பேசும்போது அந்தக் கரையில் வாழ்கிறவர்களை மறந்துவிட முடியாது.

இன்று கடையில் கிடைக்கும் ஃபெர்ரோ ராடுகளில் பெரும்பாலானவை சீனாவில் வார்த்தவை. ஆனாலும் சீரியம் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலைக்கு அந்நியமில்லை. இங்கே தயாராகி வெளியே போகும் பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்டரில் இருப்பது சீரியம் ஆக்சைடு. ஆக்சிஜனைப் பிடித்துவைத்து வேண்டும்போது விடுவது அதன் வேலை. ஆக்சிஜனோடு உள்ள இந்த நெருக்கமே பொறிக்கும் காரணம். சிக்கிமுக்கிக் கல்லில் அடித்தால் எஃகின் துணுக்கு பறக்கும், மங்கலான செம்பொறி. ஃபெர்ரோ ராடில் கோலே துணுக்காகச் சிதறும். சீரியம் 200 டிகிரிக்கும் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்வதால், சுரண்டும் உராய்வே அதற்குப் போதும். பற்றிய துணுக்கு காற்றில் எரியும்போது வெப்பம் 3,000 டிகிரி வரை ஏறும். இரும்பு சேர்ப்பது கலவை கெட்டிப்பட்டு, சுரண்டினால் பொடியாக உதிர வேண்டும் என்பதற்காக. கோலைத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியில் துடைத்துவிட்டு உடனே சுரண்டலாம். பொறி வரும்.

அந்தக் குணம்தான் செம்பரம்பாக்கத்துக்கு வேண்டியது. ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 இரவு வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் அடையாற்றின் இரு கரையிலும் தரைத்தளங்கள் மூழ்கின. மாடியில் சிக்கிய குடும்பங்களுக்கு மின்சாரமும் இல்லை, செல்போனும் இல்லை. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் குடிநீரைக் கொதிக்கவைக்கத் தீ வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சத் தீ வேண்டும்.

நாம் முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து சிவகாசியில் வளர்த்த அந்தத் தொழில் லட்சக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. இன்றும் 2 ரூபாய்க்கு இதைவிட நல்ல தீ கிடையாது, காய்ந்திருக்கும்வரை. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டைப் பிடித்துவைத்திருப்பது பசை. ஈரத்தில் அது இளகிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் பூசிய சிவப்புப் பாஸ்பரஸ் நனைந்தாலோ குச்சி நன்றாக இருந்தும் பயனில்லை. கியாஸ் லைட்டர் பக்கத்தில் அடுப்பும் சிலிண்டரும் இருந்தால்தான் உதவும். பிளாஸ்டிக் சிகரெட் லைட்டர் நனைந்தால் சக்கரம் காயும்வரை ஓய்வெடுக்கும். கொடைக்கானல், ஊட்டிக் குளிரிலும் தடுமாறும், அதிலுள்ள பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாகத் தயங்குவதால். எரிபொருள் தீர்ந்த லைட்டரையும் தூக்கிப் போட வேண்டாம். அதன் கல் இன்னும் பொறி தரும்.

ஃபெர்ரோ ராட் வாங்கும்போது 8 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமன் பாருங்கள். மெல்லியது கை நடுங்கும் நேரத்தில் முறிந்துவிடும். புதுக் கோலின் மேல் கருப்புப் பூச்சு இருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால்தான் பொறி வரும். கூடவே வரும் தகடு பெரும்பாலும் மழுங்கலாக இருக்கிறது. பட்டறையில் உடைந்து கிடக்கும் ஹாக்சா பிளேடு துண்டு அதைவிட மேல். அதன் முதுகைச் சாணையில் சதுரமாகத் தேய்த்துவிட்டால் போதும். சுரண்டும்போது பிளேடை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிளேடை முன்னுக்குத் தள்ளினால் கை போய், பொறியைப் பிடிக்க வைத்திருக்கும் பஞ்சைக் கலைத்துவிடும்.

கோலால் ஆவது பாதி வேலை. பொறியை வாங்கிக்கொள்ள ஏதாவது வேண்டும், அது காய்ந்திருக்க வேண்டும். ஷோம்பர்க்குக்கு மணலைக் காட்டிய அதே தென்னை நார், பிய்த்து மென்மையாகக் கசக்கினால், இங்கே பயன்படும். அதைவிட எளிது பஞ்சில் வாசலின் தடவி உருட்டிய உருண்டைகள். இன்னொன்று பூஜை அறையில் இருக்கிறது: கற்பூரம். பஞ்சு பொறியைப் பிடிக்கும், பொடித்த கற்பூரம் தீயைத் தாங்கி நிறுத்தும். ஆனால் கற்பூரம் தானாகவே ஆவியாகிக் கரையும். இறுக மூடும் டப்பாவில் போடாவிட்டால் மழை வரும்போது டப்பா காலியாக இருக்கும்.

கோலும் சாகாவரம் பெற்றதல்ல. ஈரக் காற்றில், அதிலும் உப்புக் காற்றில், வெள்ளை பூத்துப் பொடியாகும். நகப்பூச்சு ஒரு கோட் அடித்து, பிளேடோடு தனித்தனியாகத் துணியில் சுற்றி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை எடுத்து, வீட்டில் உள்ள எல்லோரும், பெரிய பிள்ளைகளும் சேர்த்து, மொட்டைமாடியில் பற்றவைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளம் புகுந்த வீட்டில் சிலிண்டர் புரண்டு கியாஸ் வாடை வந்தால் இந்தப் பொறி ஆகவே ஆகாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வாடை முழுக்கப் போன பிறகுதான் கோலைக் கையில் எடுக்க வேண்டும்.