81 பேருக்கு 12 சோதனை

2020 மார்ச் 14 அன்று ருவாண்டாவில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அவர் ஓர் இந்தியர், ஆறு நாள் முன்பு மும்பையிலிருந்து விமானம் ஏறிப் போனவர். நான் குப்பை கொட்டும் ஊர் அனுப்பிய சீதனம்! அதிலிருந்து அந்த நாட்டுச் செய்தி எங்கே கண்ணில் பட்டாலும் விடாமல் படித்தேன்.

கேரளாவை விடச் சின்ன நாடு அது. அப்போது ஜனத்தொகை சுமார் 1.3 கோடி. உலகின் ஏழை நாடுகளில் ஒன்று. ஆரம்பத்தில் சோதனைக்கு இருந்தது தலைநகர் கிகாலியில் இருந்த தேசிய ஆய்வகம்தான். ரசாயனங்களோ இறக்குமதி. பணக்கார நாடுகளே அவற்றுக்கு அடித்துக்கொண்ட நேரம். கையில் இருப்பதை வைத்து அதிகம் பேரைச் சோதிப்பது எப்படி?

இதற்கான பழைய வழி ஒன்றை 1943-ல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற அமெரிக்கர் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனவர் (பி.காம் படித்த எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்). ராணுவத்தில் சேர வருகிறவர்களுக்கு மேக நோய்க்கான ரத்தப் பரிசோதனை. ஒவ்வொருவராகச் சோதிக்காமல் பலருடைய ரத்தத்தைக் கலந்து சோதியுங்கள் என்றார். நோய் இல்லையா, அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம். இருந்தால் மட்டும் தனித்தனியே பார்க்கலாம். 100-ல் ஒருவருக்கு நோய் என்றால், 11 பேராகக் கலந்தால் ஐந்தில் ஒரு பங்கு சோதனையே போதும்.

ருவாண்டாவின் மரபியல் மருத்துவர் லியோன் முடேசாவும் இயற்பியலாளர் நீல் டூராக்கும் சகாக்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 81 பேர் என்று வையுங்கள். காசோலையின் அடியில் எம்ஐசிஆர் எண் இருக்கிறதல்லவா, முதல் மூன்று இலக்கம் ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. அது மாதிரி ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்க எண். ஒவ்வொரு இலக்கமும் 0, 1, 2-ல் ஒன்று. 3×3×3×3 = 81, கணக்கு சரியா?

முதலில் எல்லாவற்றையும் கலந்து ஒரே சோதனை. நோய் இல்லை என்றால் அதோடு முடிந்தது. இருந்தால், முதல் இலக்கம் 0 ஆனவர்கள் ஒரு கலவை, 1 ஆனவர்கள் ஒரு கலவை, 2 ஆனவர்கள் ஒரு கலவை. இப்படியே நான்கு இலக்கத்துக்கும் 12 கலவை, ஒவ்வொன்றிலும் 27 பேர். நோயாளி ஒருவர்தான் என்றால், பாசிட்டிவ் ஆன நான்கு கலவையும் சேர்ந்து அவருடைய எண்ணைக் காட்டிவிடும். 12-ஐயும் ஒரே நேரத்தில் ஓட்டலாம், நாள் வீணாகாது. இருவர் மூவர் இருந்தால் குழப்பம் வரும், இன்னொரு சுற்று போக வேண்டும். 100 மாதிரிகளைக் கலந்தாலும் ஒரு பாசிட்டிவ் தப்பவில்லை என்று சோதித்தும் பார்த்தார்கள். 2020 அக்டோபரில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

அதற்கு முன்பே, ஜூலையில், கிகாலி சாலைகளில் போகிறவர் வருகிறவரை நிறுத்தி இலவசமாகச் சளி மாதிரி எடுத்தார்கள். அன்று ஆய்வகத்தில் நடந்தது பெரும்பாலும் டார்ஃப்மனின் எளிய முறைதான். 20, 25 மாதிரிகளை ஒன்றாகக் கலந்தார்கள். எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. ஓடுகிற முறைதானே நல்ல முறை?

நம் நாட்டிலும் ஐசிஎம்ஆர் 2020 ஏப்ரலில் இதற்கு அனுமதி கொடுத்தது. அதிகபட்சம் 5 மாதிரி, அதுவும் நோய் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களில். நியாயம்தான். நோய் மலிந்த ஊரில் எல்லாக் கலவையும் பாசிட்டிவாகி, ரசாயனம்தான் வீண். ருவாண்டா முன்கூட்டியே ஊரடங்கு போட்டு எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருந்ததால்தான் இந்தக் கணக்கு அங்கே செல்லுபடியானது.

மும்பையில் செல்லாது. அந்த ஜூனில் எங்கள் கிளை கேஷியருக்குக் காய்ச்சல். ரிசல்ட் வர ஐந்து நாள். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவன் நான். வீட்டில் 76 வயது அம்மா. ஐந்து நாளும் ஒற்றை அறை, கதவுக்கு வெளியே தட்டு. அம்மா அந்தப் பக்கம் நின்று, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பாள். கதவைத் திறக்காமலே பதில் சொல்வேன்.

ஆறாம் நாள் காலை கேஷியர் போன் செய்தார். நெகட்டிவ்.