டெஃப் லெப்பர்ட்

டெஃப் லெப்பர்ட் என்பது இங்கிலாந்தின் எஃகுத் தொழில் நகரமான ஷெஃபீல்டில் 1977இல் தோன்றி, 1980களில் கிளாம் மெட்டல் இசையை உலகின் பெருந்திரளான கேட்போரிடம் கொண்டுசேர்த்த ராக் இசைக்குழுவாகும். ஹெவி மெட்டலின் உரத்த மின்கிட்டார் ஒலியோடு, ஒருமுறை கேட்டாலே மனத்தில் தங்கிவிடும் பல்லவியையும், 1970களில் டி. ரெக்ஸ், ஸ்வீட், டேவிட் போவி ஆகியோர் பரப்பிய கிளாம் ராக்கின் மேடைப் பகட்டையும் இணைத்த பாணியே கிளாம் மெட்டல் எனப்படுகிறது. இப்பெயரைக் குழுவினர் விரும்பி ஏற்றதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரவு விடுதிகளில் ஒப்பனையோடு வளர்ந்த குழுக்களுடன் தங்களைச் சேர்த்துப் பேசுவதை அவர்கள் மறுத்தே வந்திருக்கின்றனர். தோற்றத்தை மட்டும் கருதினால் அம்மறுப்பு நியாயமானதே. ஆயினும் பாடல்களின் அமைப்பை நோக்கும்போது, அப்பாணி தன் முழுமையை எட்டியது இவர்களிடத்தில்தான் என்பது தெளிவு.

பேஸ் கிட்டார் வாசித்த ரிக் சாவேஜும் கிட்டார் கலைஞர் பீட் வில்லிஸும் தம் பள்ளி நண்பர்களோடு தொடங்கிய சிறு குழுவில் 1977இன் இறுதியில் பாடகர் ஜோ எலியட் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கிளார்க்கும், பதினைந்து வயதே நிரம்பிய டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலனும் இணைந்தனர். 1979இல் சொந்தச் செலவில் வெளியிட்ட சிறு இசைத்தட்டு பிபிசி வானொலியில் ஒலிபரப்பானதைத் தொடர்ந்து பெரிய நிறுவனமொன்றின் ஒப்பந்தம் கிடைத்தது. முதல் தொகுப்பு 1980இல் வெளியானபோது, அயர்ன் மெய்டன் முதலிய குழுக்களோடு பிரிட்டனில் எழுந்த புதிய ஹெவி மெட்டல் அலையின் பகுதியாக இவர்கள் எண்ணப்பட்டனர். ஆனால் அமெரிக்கச் சந்தையையே நாடுகிறார்கள் என்ற மனக்குறை உள்நாட்டு ரசிகரிடையே பரவி, அவ்வாண்டு இங்கிலாந்தின் ரெடிங் இசை விழாவில் மேடையை நோக்கிப் புட்டிகள் வீசப்படும் அளவுக்கு முற்றியது.

குழுவின் போக்கை மாற்றியவர் தயாரிப்பாளர் ராபர்ட் ஜான் ‘மட்’ லாங்கே. ஒலிப்பதிவின் ஒவ்வொரு கூறையும் திட்டமிட்டுச் செதுக்குபவரான அவரது மேற்பார்வையில் 1981இல் ‘ஹை அண்ட் டிரை’ வெளியாயிற்று. இசைப்படங்களை இருபத்துநான்கு மணிநேரமும் ஒளிபரப்பிய எம்டிவி தொலைக்காட்சி அதே ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது இவர்களுக்கு நல்வாய்ப்பாக அமைந்தது. 1982இல் குடிப்பழக்கம் காரணமாக வில்லிஸ் நீக்கப்பட்டு, கேர்ள் என்ற லண்டன் கிளாம் குழுவிலிருந்து ஃபில் காலன் வந்துசேர்ந்தார். 1983 ஜனவரியில் வெளியான ‘பைரோமேனியா’ அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை உயர்ந்தது. அதற்கு மேலே இருந்தது மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’. ‘பைரோமேனியா’ பின்னர் அமெரிக்காவில் ஒரு கோடிப் பிரதிகளுக்கு வழங்கப்படும் வைரச் சான்றிதழைப் பெற்றது.

1984 டிசம்பர் 31 அன்று ஷெஃபீல்டுக்கு அருகே நேர்ந்த கார் விபத்தில் இருபத்தொரு வயது ஆலன் இடக்கையை இழந்தார். அறுவைச் சிகிச்சையில் மீண்டும் பொருத்தப்பட்ட கை, தொற்று ஏற்பட்டதால் அகற்றப்பட வேண்டியதாயிற்று. இரு கைகளும் இரு கால்களும் ஒன்றையொன்று சாராமல் இயங்க வேண்டிய கருவி டிரம்ஸ் என்பதால், அவரது இசை வாழ்வு முடிந்ததாகவே பலரும் கருதினர். ஆலனோ, மருத்துவமனைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்த நுரைப்பஞ்சுத் துண்டின்மீது கால்களால் தாளம் தட்டிப் பார்த்து, இடக்கையின் வேலையை இடக்காலுக்கு மாற்றலாம் என்று கண்டுகொண்டார். அதற்கேற்ப அமைக்கப்பட்ட மின்னணு டிரம்ஸில், முன்பு இடக்கை எழுப்பிய ஒலிகளை இடக்கால் மிதிகளை அழுத்தி எழுப்புமாறு வகைசெய்யப்பட்டது. வேறொருவரை நியமிப்பதைக் குழு எண்ணவே இல்லை. அவர் கற்றுத் தேறும்வரை காத்திருந்தது. 1986இல் அயர்லாந்தின் சிறு அரங்குகளில் துணைக்கு இன்னொரு டிரம்ஸ் கலைஞர் அமர்த்தப்பட்டார். அவர் வந்துசேரத் தாமதமான ஒரு நாளில் ஆலன் தனித்தே வாசித்துக் காட்டியபின் அத்துணையும் தேவையற்றதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் இசை விழாவில் எலியட் அவரைப் பெயர்சொல்லி அறிமுகப்படுத்தியபோது பெருந்திரள் எழுப்பிய ஆரவாரம், ரெடிங்கின் கசப்பை முற்றிலும் போக்கியது.

1987 ஆகஸ்டில் வெளியான ‘ஹிஸ்டீரியா’ மூன்றாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் விளைவு. பல நரம்புகளைச் சேர்த்து ஒரே வீச்சில் மீட்ட வேண்டிய கிட்டார் சுரக்கூட்டைக்கூட லாங்கே சில இடங்களில் நரம்பு நரம்பாகத் தனித்தனியே பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பல்லவிகளில் உறுப்பினரின் குரல்களை மீண்டும் மீண்டும் பதிந்து, சிலரே பாடுவதை ஒரு பெரும் சேர்ந்திசையாக்கினார். உயிர்ப்பற்ற இயந்திர வேலை என்று இதைக் குறைகூறியோர் உண்டு. ஆனால் அந்தத் தெளிவினால்தான் கார் வானொலியின் சிறிய ஒலிபெருக்கியிலும் இப்பாடல்கள் கலங்காமல் ஒலித்தன என்பதை அவர்கள் கருத்தில் கொள்ளவில்லை. ஒலிப்பதிவு முடியும் தறுவாயில், எலியட் ஓய்வுநேரத்தில் கிட்டாரில் முணுமுணுத்ததைக் கேட்டு லாங்கே வற்புறுத்தி முடிக்கச் செய்த ‘போர் சம் சுகர் ஆன் மீ’ என்ற பாடலே, மந்தமாக இருந்த விற்பனையைத் தூக்கி நிறுத்தியது. தொகுப்பு அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது 1988 ஜூலையில், அதாவது வெளியாகி ஏறத்தாழ ஓராண்டு கழித்தே. அக்டோபரில் ‘லவ் பைட்ஸ்’ தனிப்பாடல் பட்டியலிலும் முதலிடம் பெற்றது. ‘ஹிஸ்டீரியா’ உலகளவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றுள்ளது.

பாடல்களுக்கான கிட்டார் இசைத்துணுக்குகளைப் பெரிதும் வகுத்தளித்த கிளார்க், 1991 ஜனவரி 8 அன்று முப்பதாவது வயதில் மதுவும் மருந்துகளும் கலந்ததால் லண்டனில் காலமானார். எஞ்சிய நால்வர் முடித்த ‘அட்ரினலைஸ்’ 1992இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. சியாட்டல் நகரின் கிரஞ்ச் இசை, கிளாம் மெட்டல் குழுக்களைச் சந்தையிலிருந்து வெளியேற்றிக்கொண்டிருந்த காலம் அது. வடஅயர்லாந்தைச் சேர்ந்த விவியன் கேம்ப்பெல் அவ்வாண்டே கிளார்க்கின் இடத்துக்கு வந்தார். அடுக்கொலியைக் கைவிட்டுக் காலத்தோடு இசைய முயன்ற ‘ஸ்லாங்’ 1996இல் குறைவாகவே விற்றது. 1999இல் குழு பழைய பாணிக்குத் திரும்பியது.

இக்குழுவின் கவர்ச்சி நிலைத்திருப்பதற்கு நினைவேக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடுவதற்கென்றே கட்டப்பட்ட பல்லவிகள், மொழியறியாதவரையும் உள்ளிழுத்துக்கொள்கின்றன. இழப்புகளை ஒன்றாகத் தாங்கியவர்கள் என்ற மதிப்பு, பாடல்களின் கேளிக்கைத் தன்மைக்கு அடியில் ஓர் உறுதியைத் தருகிறது. கேம்ப்பெல் வந்த 1992 முதல் உறுப்பினர் அணி மாறவில்லை. 2013இல் அவருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பின்னும், சிகிச்சைக்காகச் சில நிகழ்ச்சிகளில் மாற்றுக் கலைஞர் வாசித்தபோதும், அவரது இடம் அவருக்கே இருந்தது. இசை நிறுவனத்தோடு நீடித்த உரிமைப் பிணக்கினால் 2018 ஜனவரி வரை இணைய இசைச் சேவைகளில் இடம்பெறாதிருந்த முக்கியத் தொகுப்புகள், அதன்பின் புதிய தலைமுறைக் கேட்போரை எட்டின. 2019இல் குயின் குழுவின் பிரையன் மே முன்மொழிய, டெஃப் லெப்பர்ட் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டது. 2022இல் ‘டயமண்ட் ஸ்டார் ஹேலோஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்ட குழு, அவ்வாண்டு மோட்லி க்ரூ, பாய்சன் ஆகிய குழுக்களோடு வடஅமெரிக்க விளையாட்டரங்குகளில் பயணம் செய்தது.