மின் கிதாரும் படியெடுக்கும் கலையும்

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மின் கிதார் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கிறது. வீட்டிற்கு வருகின்றவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள். பிறகு என்னைப் பார்ப்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையோடு பழகி ஓய்வு பெற்ற ஒருவனுக்கும் இந்தக் கருவிக்கும் என்ன உறவு என்று அவர்கள் ஐயுறுவது இயல்பே. "இது அமெரிக்காவில் செய்ததா?" என்று கேட்பவர்களும் உண்டு. "அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு இருந்த ஒரு கிதாரின் படி இது, செய்த இடம் குரோம்பேட்டை" என்று விடை சொல்வேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு படியைப் படி என்றே சொல்வதில் என்ன பெருமை இருக்கக்கூடும்? அதை எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

கிதார் பழமையான கருவி. ஆனால் அதன் குரல் மெல்லியது. 1920களில் அமெரிக்க நடன அரங்குகளில் எக்காளமும் முரசும் முழங்கியபோது, அவற்றினிடையே கிதார் வாசிப்பவர் விரல் அசைவதைக் காணலாமேயன்றி ஓசையைக் கேட்க முடியாது. இந்தக் குறையைப் போக்க வழி தேடியவர்களுள் ஒருவர் ஜார்ஜ் போஷாம்ப் என்னும் இசைக்கலைஞர். அடால்ஃப் ரிக்கன்பாக்கர் என்னும் பொறிவினைஞர் அவருக்குத் துணைநின்றார். அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1931ஆம் ஆண்டு உருவாக்கிய கருவி, வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் உடையதாய் இருந்ததால், 'வாணலி' என்றே செல்லப்பெயர் பெற்றது.

அதன் தத்துவம் உங்கள் பௌதிகப் பாடத்தில் உள்ளதுதான். ஒரு காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி, அதனை எஃகுத் தந்திகளின் கீழ் வைக்கிறார்கள். தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. புலம் மாறும்போது செப்புச் சுருளில் சிறிதளவு மின்சாரம் தோன்றுகிறது. ஒலிபெருக்கி அதைப் பெருக்கி நமக்குக் கேட்கச் செய்கிறது. மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டறிந்த ஆண்டு 1831. அந்த உண்மை ஒரு தந்தியைப் பாடவைக்கச் சரியாக நூறு ஆண்டுகள் ஆயின.

1931 என்னும் ஆண்டு நம் தாம்பரத்திற்கும் மறக்கலாகாத ஆண்டு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது அவ்வாண்டில்தான். போஷாம்பின் கருவிக்கு அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கிய 1937ஆம் ஆண்டிலோ, சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்தின் காட்டு நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. இவை தற்செயலான ஒற்றுமைகளே. ஆயினும் உலக வரலாற்றையும் உள்ளூர் வரலாற்றையும் இப்படி அருகருகே வைத்துப் படித்தால் ஆண்டுகள் மனத்தில் நிற்கும்.

இனி, என் வீட்டுக் கிதாரின் மூலத்திற்கு வருவோம். அதனை உருவாக்கியவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! தச்சரும் மின் பணியாளரும் எப்படிச் சிந்திப்பார்களோ அப்படியே அவர் சிந்தித்தார். வயிறு குடைந்த கூடு வேண்டாம், ஒரு கெட்டிப் பலகை போதும் என்றார். கழுத்தைப் பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்தார். பழுதானால் கழற்றி வேறு கழுத்தைப் பூட்டலாம். 1950இல் வெளிவந்த அக்கிதாருக்கு அவர் இட்ட பெயர் 'பிராட்காஸ்டர்', அதாவது ஒலிபரப்புபவர். அதையொத்த பெயரில் வேறொரு நிறுவனம் முரசுகளை விற்று வந்ததால், அப்பெயரை விட வேண்டியதாயிற்று. அப்போது பரவிவந்த தொலைக்காட்சியை நினைவூட்டுமாறு 1951இல் 'டெலிகாஸ்டர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. வானொலியின் பெயரோடு பிறந்த கருவியைப் பற்றி வானொலியில் பேசுவது பொருத்தமே.

1965இல் ஃபெண்டர் தம் நிறுவனத்தை விற்றார். வாங்கியதும் ஓர் ஒலிபரப்பு நிறுவனமே. உற்பத்தி பெருகியது, ஆனால் பழைய வேலைத்திறன் குறைந்துவிட்டது என்று வாசிப்போர் பலர் குறைகூறினர். பழைய கிதார்களுக்கு விலை ஏறியது. முடிவில், 1982இல் அந்த நிறுவனமே தன் 1952ஆம் ஆண்டுக் கிதாரைப் பார்த்துப் படியெடுத்து விற்கத் தொடங்கிற்று. முன்னோர் செய்ததைப் பின்னோர் அளந்து கற்க வேண்டிய நிலை வந்தது. விலை ஏறிய பொருளைப் போலிகளும் தொடர்ந்தன. புதிய மரத்தைத் தேய்த்துப் பழசாக்கி, பழம்பெயரைப் பொறித்து, மூலம் என்றே விற்பவர்கள் தோன்றினர்.

நான் சிறுவனாக இருந்த 1970களில், பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் திருமண விருந்துகளில் மின் கிதார் ஒலிக்கும். மதிலுக்கு வெளியே நின்று கேட்பேன். கோடம்பாக்கத்துத் திரையிசையிலும் அதற்கு இடம் இருந்தது. 1976இல் 'அன்னக்கிளி' வெளிவருமுன் இளையராஜாவும் பிறருடைய இசைக்குழுக்களில் கிதார் வாசித்தவரே. மின்தந்தி நம் இசைக்கு ஒவ்வாது என்ற எண்ணத்தைப் பின்னாளில் மாற்றியவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். எட்டுத் தந்தி மாண்டலினை ஐந்து தனித்தந்திகள் கொண்ட மின் கருவியாக்கி, அதில் கமகங்களைக் குழையவிட்டுக் கருநாடக இசையரங்கை வியப்பில் ஆழ்த்தினார். ஆனால் இறக்குமதியான கிதாரின் விலை எங்கள் வீட்டு வருவாய்க்கு எட்டாதது. கேட்டதோடு என் ஆசை நின்றது.

ஓய்வு பெற்றபின் அந்த ஆசை மீண்டும் தலைதூக்கியது. குரோம்பேட்டையில் ஒருவர் கையாலேயே கிதார் செய்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிச் சென்றேன். பட்டறையிலிருந்து எழுந்து வந்து வணங்கியவர் என் பழைய மாணவர்! தச்சர் வீட்டுப் பிள்ளை. கணக்கில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர். 'மரவேலையில் பொழுதை வீணாக்குகிறான்' என்று அவருடைய முன்னேற்ற அட்டையில் என் கையால் எழுதியது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்தது.

அவர் வேலை செய்த முறையைச் சொல்கிறேன். மூலத்தின் உடல் ஆஷ் மரம், கழுத்து மேப்பிள் மரம். இரண்டும் நம் நாட்டில் எளிதில் கிடைப்பன அல்ல. தாம்பரத்தில் இடித்த ஒரு பழைய வீட்டின் பர்மாத் தேக்குக் கதவு உடலாகவும் கழுத்தாகவும் ஆயிற்று. விரல் பதியும் பலகைக்கு, உடைந்த பழங்கட்டிலின் தோதகத்தி. ஈட்டி என்றும் வழங்கும் இம்மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து சென்று மேலைநாட்டுக் கிதார்கள் பலவற்றில் இடம்பெற்றது. அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டு தனிச்சட்டமே இயற்றப்பட்டது. ஆகவே பழம்பொருளிலிருந்து எடுத்ததே நன்று.

அடுத்தது மெட்டுகள். தந்தியின் நீளம் 25½ அங்குலம், ஏறத்தாழ 648 மில்லிமீட்டர். அதை 17.817 என்னும் எண்ணால் வகுத்தால் 36.4 வரும், அத்தொலைவில் முதல் மெட்டு. எஞ்சிய நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு. இவ்வாறு செல்ல, பன்னிரண்டாம் மெட்டு நேர் பாதியில், 324 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581இல் இதற்கு 18 என்னும் எண்ணைச் சொன்னார். பின்னாளில் கணக்கு நுட்பமாயிற்று. 21 மெட்டுகளுக்கும் உரிய கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியவர், கணக்கு வராது என்று நான் முடிவு கட்டிய அதே மாணவர். ஒரு மெட்டு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சுருதி கெடும். என் தேர்வுத்தாளைவிடக் கடுமையான தேர்வு அது.

செப்புச் சுருளை அவர் ஒரு பழைய தையல் எந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு சுற்றினார். இவ்வகைச் சுருளில் மின்கம்பிகளின் அதிர்வும் கலந்து ஒரு முனகல் கேட்கும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. ஆகவே அக்கிதார் அங்கே முனகிய சுருதி வேறு, இங்கே முனகும் சுருதி வேறு. அளவைப் படியெடுக்கலாம்; மண்ணைப் படியெடுக்க முடியாது.

வேலை முடியும் தறுவாயில் நான் ஒரு பிழை செய்யப் பார்த்தேன். "தலைப்பகுதியில் அந்த அமெரிக்கப் பெயரையும் எழுதிவிடேன், பார்ப்பவர்கள் மெச்சுவார்கள்" என்றேன். அவர் சிரித்தார். "ஐயா, அளவு அவர்களுடையது, வேலை என்னுடையது. நான் அவர்கள் பெயரை எழுதினால், பார்த்து எழுதியவனை நீங்கள் தேர்வு மண்டபத்தில் பிடித்தது போல் என்னையும் பிடிக்க வேண்டியிருக்குமே" என்றார். அன்று நான் மாணவன் ஆனேன்.

மாணவர்களே, பார்த்து எழுதுவதும் படியெடுப்பதும் ஒன்றல்ல. சங்க நூல்கள் நம் கைக்கு எட்டியது எவ்வாறு? ஓலை செல்லரித்துப் போகும். போகுமுன் யாரோ ஒருவர் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து, புதிய ஓலையில் படியெடுத்தார். நூற்றாண்டு நூற்றாண்டாக அவ்வேலை நடந்ததால்தான் உ. வே. சாமிநாதையர் தேடிச் சென்றபோது ஏடுகள் இருந்தன. அப்படி எழுதியவர்கள் ஏட்டின் இறுதியில் எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் குறிப்பது வழக்கம். நூலாசிரியர் பெயரை அவர்கள் தமக்கு ஆக்கிக்கொள்ளவில்லை; தம் பெயரை மறைக்கவும் இல்லை.

மூலமே மறைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு யாழ் சான்று. தமிழரின் யாழ் வழக்கொழிந்தது. கையிலிருந்து கைக்கு அதைச் செய்யும் முறை தொடராமற் போனமையால், விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலிருந்தும் உரைகளிலிருந்தும் அதன் இலக்கணத்தை மீட்க வேண்டியிருந்தது. அவருடைய 'யாழ் நூல்' வெளிவந்த ஆண்டு 1947. இந்நாளில் சென்னையில் தருண் சேகர் என்னும் கைவினைஞர் யாழை மீண்டும் மரத்தில் செய்து வாசிக்கச் செய்திருக்கிறார். சொல்லிலிருந்து கருவியை மீட்பது எத்தனை அரிய உழைப்பு! கருவி கண்முன் இருக்கும்போதே அளந்து, செய்து, செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டால் அந்த அருமுயற்சிக்குத் தேவை இராது.

என் கிதாரின் தலைப்பகுதியில் எந்தப் பெயரும் இல்லை. 1950களில் ஃபெண்டரின் பணியாளர்கள் கழுத்தின் அடிப்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், பென்சிலால் நாளைக் குறித்து வைப்பார்கள். என் மாணவரும் அவ்வாறே செய்திருக்கிறார். நான்கு திருகாணிகளைக் கழற்றினால், தேக்கின் மேல் அவர் பெயரும், ஊரும், நாளும், '1952ஆம் ஆண்டுக் கிதாரின் படி' என்ற குறிப்பும் தமிழ் எழுத்தில் தெரியும். அவருடைய முன்னேற்ற அட்டையில் நான் எழுதிய வரியை இனித் திருத்த வழியில்லை. அதற்கு ஈடாக, கேட்பவர்க்கெல்லாம் கழுத்தைக் கழற்றி இந்த வரிகளைக் காட்டுகிறேன்.