ராணி வேஷத்துக்கு அளவு

ஆவணி பிறந்தால் என் கடையில் பள்ளிக்கூட யூனிபாரம் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். குலசை தசராவுக்கான துணி வரத் தொடங்கும். காளிக்குச் சிவப்பு, குறத்திக்குப் பூப்போட்டது, ராணிக்கு ஜரிகை. உடுத்தப்போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர், பனையேறுகிறவர், கல்லூரிப் பையன், பேங்க் கிளார்க் என்று எல்லா வகையும் உண்டு.

ஆம்பிளைக்கு ஜாக்கெட் தைப்பது தனி வித்தை. தோள் 18 அங்குலம் வரும், நெஞ்சு தட்டையாக இருக்கும். டார்ட் பிடித்து உள்ளே பஞ்சு வைத்தால்தான் முன்பக்கம் நிற்கும். காளி வேஷக்காரர் நாளெல்லாம் சூலத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார். சாதாரண வெட்டு வெட்டினால் உடன்குடி தாண்டுமுன் அக்குள் கிழிந்துவிடும். அதனால் அக்குளில் ஒரு சதுரத் துண்டு சேர்த்துத் தைப்பேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் அப்பா.

குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில், முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதம் இருப்பார்கள். காளி வேஷக்காரர்களில் பலர் 41 நாள்கூட இருப்பார்கள், ஒரு வேளைச் சாப்பாடுதான். கொடியேறியதும் காப்புக் கட்டிக்கொண்டு, வேஷத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுரனை அம்மன் வதம் செய்தபிறகு, மறுநாள் காப்பைக் களைவார்கள். என் சின்ன வயதில் இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம். 1986இல்தான் தூத்துக்குடி பிரிந்தது. அன்றைக்கு ஊருக்கு ஓரிரு குழு இருந்தால் பெரிது. இன்றைக்குத் தெருவுக்குத் தெரு தசராக் குழு, செண்டைமேளம், மினி லாரி. சினிமாப் பாட்டுக்கு ஆடுவதைத் தடுக்கக் கோர்ட்டு வரை போக வேண்டியதாயிற்று.

அந்தப் பத்து நாளும் சேலை கட்டிய ஆணைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். கிழவிகள் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொல்வார்கள். இதைப் பார்த்துவிட்டு, தமிழன் அந்தக் காலத்திலேயே பெருந்தன்மைக்காரன் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கும்பிடுவது அம்மனை, அந்த ஆளை அல்ல. காப்பைக் களைந்ததும் அவர் வேட்டிக்குத் திரும்பியாக வேண்டும்.

ஒரு வருஷம் கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன், தசரா முடிந்த ஐப்பசியில், ராணி வேஷ ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தான். இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தரவேண்டுமாம்.

“அடுத்த வருஷத்துக்கா தம்பி?”

“இல்லண்ணாச்சி. சும்மா.”

பிடித்துக் கொடுத்தேன். அவன் படியிறங்குமுன்னே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஒரு சொல் சொன்னார். போன மாதம் அதே பையனுக்குத் தட்டில் பத்து ரூபாய் போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டவர்தான் அவர்.

திருநங்கையர் உரிமைக்குப் போராடுகிற திருநங்கை கிரேஸ் பானுவும் எங்கள் மாவட்டத்தில் பிறந்தவர்தான். தலித் குடும்பம். பள்ளியில், மற்றப் பிள்ளைகள் வந்தபிறகு வந்து, அவர்கள் கிளம்புமுன் கிளம்ப வேண்டும் என்று தன்னை வைத்திருந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அம்மன் சந்நிதியில் வேஷத்துக்கு வழிவிடுகிற அதே மண்ணில்தான் இதுவும் நடந்தது. ஆனால் அவர் படிப்பை விடவில்லை. டிப்ளமோ முடித்தார், வேலைக்குப் போனார். 2014இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பெற்ற முதல் திருநங்கை என்று பத்திரிகைகள் எழுதின. அதே வருஷம் ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்றிருந்தது. பிறகு கோவில்பட்டிப் பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கையருக்கு வீடும், மாடும், 2020இல் அவர்களுக்கென்றே பால் கூட்டுறவுச் சங்கமும் வந்ததில் அவர் உழைப்பு உண்டு.

மதுரையில் இதற்கு முன்பே ஒன்று நடந்தது. அமெரிக்கன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கோபி ஷங்கர் 2011இல், பாலினச் சிறுபான்மையினருக்காக ‘சிருஷ்டி மதுரை’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஜூலை 29ஆம் தேதி, மாணவர்களும் மற்றவர்களுமாக வானவில் கொடி பிடித்து மதுரைத் தெருவில் ஊர்வலம் போனார்கள். சென்னையில் போவது வேறு. அத்தை, மாமா, டியூஷன் வாத்தியார் எல்லாரும் பார்க்கிற ஊரில் முகத்தை மறைக்காமல் நடப்பது வேறு.

தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயிலில் 2018 அக்டோபரில் ஓர் ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில், திருநங்கையும் மணமகள்தான், பதிவு செய்யுங்கள் என்றார். இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் அறுவை செய்வதை நிறுத்தச் சொன்னதும் அதே தீர்ப்புதான். கோபி ஷங்கர் கேட்டுவந்த விஷயம் அது. அந்த ஆகஸ்டிலேயே அரசாணை வந்துவிட்டது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2021 வழக்கு. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், வயது 22, 20. ஒருத்தி எம்.பி.ஏ., இன்னொருத்தி பி.ஏ. தமிழ். சேர்ந்து வாழ்வதென்று முடிவுசெய்து சென்னைக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் தனித்தனியே ‘பெண்ணைக் காணவில்லை’ என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணைக்குப் பயந்து உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே தெளிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அதன்பிறகு ஜூன் 7ஆம் தேதி உத்தரவு போட்டார். போலீஸ் தொந்தரவு கூடாது, ‘குணப்படுத்துகிறேன்’ என்று யாரும் சிகிச்சை செய்யக்கூடாது, பள்ளி கல்லூரிகள் மாறவேண்டும். பி.ஏ. தமிழ் படித்த பெண்ணும் அவள் தோழியும் பயந்து வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

மிச்சம் நிற்பது இடஒதுக்கீடு. அரசு 2015இல் திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித்தாகப் பிறந்தவர் அதில் போய் நின்றால் தன் பிரிவு உரிமையை விட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனி இடம் வேண்டும் என்பது கிரேஸ் பானு முதலானோர் ஆண்டுக்கணக்காகக் கேட்பது. கர்நாடகம் 2021இல் அப்படி 1 சதவீதம் கொடுத்துவிட்டது.

போன தசராவுக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் கடையிலேயே இதை வைத்துச் சண்டை போட்டார்கள்.

“அவங்களுக்கு எதுக்குலே தனியா? நாமளுந்தான் சேல கட்டுதோம்.”

“நீ பத்து நாளு கட்டுத, காசும் கெடைக்கி. அவங்களுக்கு அது வேஷமாலே? கிளாஸ்ல அந்தப் பயல நீங்கள்லாம் சேந்து என்ன பாடு படுத்துனிய, நா பாத்துக்கிட்டுதான இருந்தேன்.”

வாய் நிறைய குண்டூசி வைத்திருந்ததால் என்னால் நடுவில் ஒன்றும் பேச முடியவில்லை. இரண்டாவது பையனுக்குத் தோள் பதினேழரை. குறத்தி வேஷம், கை முழங்கை வரை.