சம்பளச் சீட்டும் ஸ்பான்சர் நம்பரும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன் செய்தான். இன்ஜினியரிங் முடித்து சென்னையில் சில வருஷம் வேலை பார்த்தவன். இங்கிலாந்துக்கு ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசாவில் போக ஆசை. “சார், ஸ்பான்சர் பண்ண அங்கே ஒரு கம்பெனி இருக்காம். ஏஜெண்டு பன்னிரண்டு லட்சம் கேட்கிறார்” என்றான். வேலைக்கு ஆள் வேண்டும் என்கிறவன் உனக்குக் கொடுக்க வேண்டுமா, நீ அவனுக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். “இதெல்லாம் இப்ப வந்த சிஸ்டம் சார்” என்றான். காரைக்குடிக்காரன் வாயில் இருந்து இப்படி ஒரு வார்த்தையா என்று எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் இந்தப் பதிவு.

நம் ஊர்ப் பக்கம் ‘கொண்டுவிக்கப் போயிருக்கிறார்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடல் தாண்டித் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நகரத்தார் கடைகள் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன் என்று பரவியிருந்தன. 1929-30ல் பர்மாவில் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, அந்த ஒரு நாட்டில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. கடை என்றால் வட்டிக்கடை. முதலாளி பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார். கடையை நடத்தியவர்கள் இங்கிருந்து சம்பளத்துக்குப் போன ஆட்கள்.

அவர்களை அனுப்பிய விதம்தான் நமக்கு முக்கியம். முதலாளிக்கும் போகிறவருக்கும் இடையே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குச் ‘சம்பளச் சீட்டு’ என்று பெயர். பழைய வீடுகளின் பரணிலிருந்து இறங்கிய சீட்டுகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட வராது. எந்த மார்க்கா கடை, எந்த ஊர், என்ன வேலை, எவ்வளவு காலம், எவ்வளவு சம்பளம் என்று இருக்கும். காலம் வழக்கமாக மூன்று வருஷம். சம்பளத்தையும் மாதக் கணக்கில் பேசுவதில்லை, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தொகை. அதில் ஒரு பகுதியைக் கப்பலேறும் முன்பே கையில் கொடுத்துவிடுவார்கள். போய் இறங்கிய பிறகு சாப்பாடும் தங்குமிடமும் கடைச் செலவு. லாபம் வந்தால் ஏஜெண்டுக்கு அதிலும் ஒரு பங்கு உண்டு.

வேலையில் படிநிலை உண்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் போகிறவன் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பான், ஓடியாடி வேலை செய்வான், பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வான். ஒன்றிரண்டு தவணை போய்வந்தால் அடுத்தாள். கெட்டிக்காரனாக இருந்தால் மேலாள், அதாவது ஏஜெண்டு. முதலாளியின் பெயரில் கடன் கொடுக்க, வழக்குப் போட, நிலம் வாங்க அவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். ‘ஸ்கில்’ என்று இன்று எதைச் சொல்கிறார்களோ அது அந்தப் பையனுக்கு எங்கே கிடைத்தது என்றால், திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில். முந்திரி, காணி, மா என்று பின்னத்தை மனப்பாடமாகச் சொல்லி, வட்டியை வாயாலேயே போடுவான். (இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் போனை எடுக்கிறது. சரி, அது வேறு கதை.)

இந்த முறையை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. மூன்று வருஷம் முடியாமல் திரும்ப முடியாது. பாதியில் வேறு கடைக்கு மாறினால் ஊரில் பெயர் கெட்டுவிடும், அடுத்த சீட்டு எழுத ஆள் இருக்காது. பெண்சாதியைக் கூட்டிப் போகும் வழக்கம் ரொம்ப காலத்துக்குக் கிடையாது. கல்யாணமான கையோடு கப்பலேறியவன் பிள்ளையை முதலில் பார்ப்பது அது நடக்கத் தொடங்கிய பிறகுதான். நம் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள். அந்த முகப்பில் மூன்று மூன்று வருஷமாகக் காத்திருந்த ஆச்சிமார்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சீட்டில் முதல் பணம் முதலாளி கையிலிருந்து வேலையாள் கைக்குப் போனது. எழுதிக் கொடுத்தவர் யார், அவர் வீடு எந்தத் தெருவில், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்பது பையனின் தகப்பனுக்குத் தெரியும். ஏமாற்றினால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். சர்க்கார் இதில் அநேகமாக இல்லவே இல்லை. பர்மா 1937 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்தது. இலங்கைக்கு தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் இருந்தன. 1922ல் இந்திய அரசு போட்ட குடிபெயர்வுச் சட்டம், குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, ஓட்டல் சிப்பந்தி, வீட்டு வேலையாள் எல்லாரையும் ‘திறன் வேலை’ கணக்கில் வைத்தது என்பது பலருக்குத் தெரியாது. அரசாங்கம் திறன் என்று எதைச் சொல்கிறதோ அதுதான் திறன். அன்றும் அப்படி, இன்றும் அப்படி.

போனவர்கள் நகரத்தார் மட்டுமல்ல. நம் மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920ல் பிறந்த ப. சிங்காரம், 1938ல் சுமத்ராவின் மேடானுக்குக் கடை வேலைக்குப் போனார். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதியவர் அவர்தான்.

பிறகு காலம் மாறியது. 1930களின் மந்தத்தில் பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. தென் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930ல் சுமார் 6 சதவீதம், 1937ல் ஏறக்குறைய 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மியர்கள் ‘இவர்கள் யார், ஏன் இங்கே இருக்கிறார்கள்’ என்று கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1941ல் இந்தியாவும் பர்மாவும் குடியேற்ற ஒப்பந்தம் ஒன்று செய்தன. அது நடைமுறைக்கு வருவதற்குள் டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. மற்றது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

யுத்தம் முடிந்து திரும்பிப் போகப் பார்த்தபோது சம்பளச் சீட்டு மட்டும் போதவில்லை. பர்மாவில் 1947ல் குடிவரவுச் சட்டம் வந்தது. இலங்கையில் 1948ல் சட்டம் போட்டு 1949 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். மலாயாவில் 1953 ஆகஸ்டிலிருந்து புதிதாக வருகிறவருக்கு நிறுவனத்தின் வேலை ஒப்பந்தமும் குறிப்பிட்ட அளவு சம்பளமும் வேண்டும் என்றார்கள். பெட்டியடிப் பையனுக்கு அந்தச் சம்பளம் யார் கொடுப்பார்கள்? அதோடு பையன்கள் போவது நின்றது. கொழும்பில் கடை ஆட்களுக்குத் தற்காலிக வசிப்பு அனுமதி என்று ஒன்று கொடுத்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்கே வேலை என்ற கொள்கை வலுத்தபோது புதுப்பிப்பது குறைந்துகொண்டே போனது. பர்மாவில் 1963-64ல் வங்கிகளையும் கடைகளையும் தேசியமயமாக்கினார்கள். வெறுங்கையோடு வந்தவர்களில் பலர் இங்கே குடியேறினார்கள். காரைக்குடியின் பர்மா காலனிப் பெயருக்கு அதுதான் காரணம்.

ஆக 1947க்கும் 1953க்கும் நடுவில்தான் அந்தப் பெரிய மாற்றம் நடந்தது. அதுவரை முதலாளி உனக்கு வேலை மட்டும் கொடுத்தார். அதற்குப் பிறகு நீ அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியிலேயே அவர் பெயர் ஏறிவிட்டது. வேலை போனால் இருப்பிடமும் போகும்.

இப்போது பையன் கேட்ட விஷயம். இங்கிலாந்தின் ஸ்கில்டு ஒர்க்கர் விசா 2020 டிசம்பரில் பழைய ‘டியர் 2’ விசாவுக்குப் பதிலாக வந்தது. அந்த நாட்டு உள்துறையிடம் லைசென்ஸ் வாங்கிய நிறுவனம்தான் ஸ்பான்சர் செய்யலாம். ‘சர்டிபிகேட் ஆப் ஸ்பான்சர்ஷிப்’ என்பது சட்டம் போட்டு மாட்டும் சான்றிதழ் இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பதிவு, அதற்கு ஒரு நம்பர். அந்த நம்பர் கிடைத்த மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூலை முதல் புதிதாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பட்டப்படிப்புத் தரத்து வேலையாக இருக்க வேண்டும், பொதுவான வருஷச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால் புது நம்பர், புது விண்ணப்பம். கம்பெனி லைசென்ஸை இழந்தால், உன் மேல் தப்பே இல்லாவிட்டாலும், வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் அவகாசம். கொழும்பு அனுமதியும் இதுவும் ஒரே சாயல் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த நம்பர் விற்பனைப் பொருள் கிடையாது. ஸ்பான்சர் லைசென்ஸ் செலவையும் அந்தச் சான்றிதழுக்கான கட்டணத்தையும் வேலையாளிடம் வசூலிக்கக்கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் அங்கே விதியே இருக்கிறது. விசாக் கட்டணம், மருத்துவ வரி இவை வேறு, அவற்றை விண்ணப்பிப்பவர் கட்ட நேரலாம். நம் நாட்டிலும் 1983ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். பன்னிரண்டு லட்சம் எங்கே, இது எங்கே! பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பெயர்கள் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கின்றன. லைசென்ஸ் உள்ள ஸ்பான்சர்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசு தன் தளத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பையனை அதில் தேடச் சொன்னேன். ஏஜெண்டு சொன்ன கம்பெனி அதில் இல்லை. அவன் இப்போது நேரடியாக விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருக்கிறான்.

உங்கள் வீட்டில் யாரிடமாவது பழைய சம்பளச் சீட்டோ, பர்மா பதிவுப் புத்தகமோ, கொழும்பு அனுமதிச் சீட்டோ இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கரையான் அரிப்பதற்குள் பிரதி எடுத்து வைக்க வேண்டும். பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு அனுப்பினாலும் போதும்.